நாலு விரற்கடை

கருப்பையாவுக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரிக்கிற வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார். அவர் படித்தால் ஆனையூர் முழுக்கப் படித்த மாதிரி. அதனால் நோட்டில் தாள் கிழித்து எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டுகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி. மில்லில் உன்னோடு தங்கியிருக்கிற நாலு பேருக்கும் வாசித்துக் காட்டுகிற கடிதம் இல்லை இது. படித்து முடித்ததும் அப்பனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும். ஆனால் கடைசியில் நான் ஒரு காரியம் கேட்பேன், அதை மட்டும் செய்துவிடு.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தையில் உங்கள் கல்யாணம் முடிந்ததும் ஒரு வருசம் போலப் பஞ்சவர்ணம் என்னோடு இங்கேயே இருக்கட்டும், கோயம்புத்தூரில் வீடு கிடைத்த பிறகு வந்து கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சரிதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பிள்ளை அது. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே. 'அம்மா தறி சும்மாதான கெடக்கு. அவளுக்கு நெசவு பழக்கி விடுங்க. வீட்டுல சும்மா இருக்கக் கூடாதுல்ல.' தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். நீ உன் அம்மாவைப் போல வராமல் என்னைப் போல வந்து தொலைத்திருக்கிறாய். 'சும்மா இருக்கக் கூடாது' என்று நானும் ஒருநாள் சொன்னேன். அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து போனவள் பிறகு படுக்கவே இல்லை. அதைத்தான் உனக்கு எழுதப் போகிறேன்.

அந்தத் தறியை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாய். ஆனாலும் அது வந்த கதை உனக்குத் தெரியாது. உன் அம்மா இருளாயி பசுமலைப் பக்கம் வளர்ந்தவள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு நெசவு சொல்லிக்கொடுக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. நாலு வருசம் அங்கே பழகினாள். என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளோடு வந்த சீர் அந்தத் தறி ஒன்றுதான். துண்டு நெய்கிற சின்னத் தறி, காலுக்கு ரெண்டு மிதி, ரெண்டு ஆள் தூக்கிவிடலாம். மாட்டு வண்டியில் ஏற்றிக் காளவாசல் வழியாக வரும்போது அங்கே சூளையில் வேலை பார்த்த ஒருத்தன், "என்ன மாப்ள, பொண்ணோட தூக்குமரமும் சேந்து வருது?" என்று கேட்டான். வண்டியில் இருந்த எல்லாரும் சிரித்தோம். உன் அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள்.

நான் அப்போது ஊரான் நிலத்தில் ஏர் பிடிக்கிற கூலிக்காரன். எழுத்தும் தெரியாது, நெசவும் தெரியாது. காலையில் களையெடுக்கப் போய்விட்டு வந்து, பிறகு தறியில் உட்காருவாள் அவள். தறிக்காலில் அடுப்புக்கரியால் அ, ஆ எழுதிக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் இன்றைக்கு உனக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை. நெசவில் எனக்கு அவள் பழக்கியது ஒரே ஒரு வேலை, பிணைக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்போம். துண்டுத் தறியில் எழுநூற்றுச் சொச்சம் இழை. ஒவ்வொன்றையும், மிதித்தால் ஏறி இறங்குகிற விழுதின் கண்ணில் நுழைத்து, சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லுக்கு நடுவே இழுக்க வேண்டும். அதற்குக் கோப்பு என்று பெயர். ஒரு இழை மாறினாலும் துணி முழுக்க வழு ஓடும். கண்ணும் கணக்கும் உள்ளவர்களுக்குத்தான் அது வரும். அதனால் நெசவுக்காரர்கள் ஒருமுறை கோத்த தறியைக் காலியாக விடமாட்டார்கள். பாவு தீரும்போது கடைசி ஒரு சாணை நெய்யாமல் விட்டு, அதன் ஒவ்வொரு நுனியிலும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் உருட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு மெதுவாக இழுத்தால் புதுப் பாவு பழைய வழியிலேயே வந்து நிற்கும். அதைத்தான் நான் செய்வேன். "கோக்கிறத நான் பாத்துக்கிறேன். நீ பெணைச்சாப் போதும்" என்பாள்.

ஒருநாள் அப்படிப் பிணைத்துக்கொண்டிருந்தபோது பசுமலைக் கொட்டகையில் அவளுக்கு நெசவு சொல்லிக்கொடுத்தவர் இறந்துபோனதைச் சொன்னாள். அவர் நெய்த தறியில் இருந்த பாவை மறுநாளே அறுத்து, ஒரு இழை பாக்கி இல்லாமல் உருவி எடுத்துவிட்டார்களாம். "தறிக்காரவுக செத்தா அப்பிடித்தான் செய்யணும். இல்லாட்டி வேலை இன்னும் முடியலன்னு நெனச்சுக்கிட்டு அங்கனயே இருப்பாக" என்றாள். "செத்த பெறகும் வேலை பாத்தா வீட்டுக்கு லாபந்தான?" என்று கேலி செய்தேன். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவால் என் முட்டியில் ஒன்று போட்டாள்.

உனக்கு ஐந்து வயசாக இருக்கும்போது அது நடந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம், சிவப்புக் கரைத் துண்டுக்கு அம்புட்டு கிராக்கி. மேலமாசி வீதிக்குப் பின்னால் நூல்கடை வைத்திருந்த ராவுத்தர் நமக்கு நூல் கொடுத்துத் துண்டு வாங்கிக்கொள்வார். அவருக்கு ஒரு கட்டு ஒப்புக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். ஏழாம் நாள் காலையில் பாயில் இருந்து எழுந்திருக்காமல், "ஒடம்பெல்லாம் காந்துது. இன்னைக்கு ஒருநா சாஞ்சுக்கிறேனே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படுத்துக் கெடந்தா காச்சல் போயிருமா? சும்மா இருக்கக் கூடாது புள்ள. ஒரு துண்டுதான மிச்சம்." அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இத்தனை வருசம் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் நொய்தான் இருந்தது. காய்ச்சிய கஞ்சியில் பெரும்பங்கை வெளியே புளிய மரத்தடியில் விரித்திருந்த அடுத்த பாவுக்குத் தடவினேன். கஞ்சி போட்டால்தான் இழை விறைப்பாக நிற்கும். பாவு குடித்தது போக மிச்சத்தை ஒரு கலயத்தில் வைத்து, உச்சிப்பொழுதுக்கு வாசலில் நின்று கூப்பிட்டேன். "இருளாயி, கஞ்சி குடிக்க வா." உள்ளே இருந்து குரல் வந்தது. "நாலு வெரக்கடைதான் இருக்கு. முடிச்சிட்டு வாரேன்." அவளுடைய தட்டு ரெட்டைத் தட்டு. குறுக்கு நூலான ஊடை ஓடியதும் மற்றவர்கள் அச்சை ஒருமுறை இழுத்து அடிப்பார்கள். அவள் அடித்துவிட்டு, பின்னாலேயே மெதுவாக இன்னொன்று தட்டுவாள். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. நாடாவில் நூல் தீர்ந்து தார் மாற்றுகிறாள் என்று நினைத்தேன். நான் கஞ்சி தடவிய பாவை நீவி முடித்துவிட்டு நிதானமாக உள்ளே போனேன். நெய்த துணி சுருளுகிற படைமரத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தாள். நாடா கையில் இருந்தது. உள்ளங்கை அப்போதும் சுட்டது.

சாவு வீட்டில் இருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்லமாட்டார்கள், உனக்கே தெரியும். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லாமல்தான் போனார்கள். சொல்லிவிட்டுப் போனவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். உச்சி வெயில். தறியைப் பார்த்தேன். அந்தக் கடைசித் துண்டு முடிந்திருந்தது. அவள் விட்ட இடத்தில் இருந்து நாலு விரற்கடை, சிவப்புக் கரையோடு, நெருக்கமான ரெட்டைத் தட்டில் நெய்து நின்றது. ஆனையூரில் நெசவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி சுட்டது. தறி கிடப்பது இருட்டு மூலை, அங்கே வெயில் எட்டாது.

அன்றைக்கே அறுத்திருக்க வேண்டும். அவளே சொல்லியிருந்தாள், நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. ஆனால் அறுத்தால் யார் கோப்பார்கள்? எனக்குப் பிணைக்கத்தான் தெரியும். அறுத்தால் அது வெறும் மரம். மரத்தடியில் கஞ்சி காய்ந்து விறைத்த பாவு தயாராகக் கிடக்கிறது. நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு அடுப்பில் கைவிட்டுச் சாம்பல் எடுத்தேன். அவள் கடைசியாக மூட்டிய அடுப்பு, அதை நான் இன்னும் வாரியிருக்கவில்லை. அந்தச் சாம்பலைத் தொட்டு எழுநூற்றுச் சொச்சம் இழையையும் அவள் விட்டுப்போன நுனிகளில் பிணைத்தேன். நான் செய்த தப்பு இதுதான். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கோக்கத் தெரிந்தவன் அறுத்திருப்பான், பிணைக்கத் தெரியாதவன் விட்டிருப்பான்.

அதன் பிறகு நானே உட்கார்ந்து நெசவு பழகினேன். முதல் துண்டு கோணல்மாணல். கோபத்தில் நெய்தால் கரை உள்ளே இழுத்துக்கொள்ளும், சோகத்தில் நெய்தால் தட்டு இளகிப்போகும், அதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. காலையில் நெய்துவிட்டு வயலுக்குப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் துணி நாலு விரற்கடை வளர்ந்திருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தினம் நாலு விரற்கடை. ஒருநாள் வாய்க்கால் வரப்பில் நின்றிருந்தபோது உச்சிப்பொழுதில் நம் வீட்டுப் பக்கம் இருந்து அந்த ரெட்டைத் தட்டுச் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. நீ தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். "யாருடா இருந்தா இங்க?" என்று கேட்டேன். "அம்மா. முடிச்சிட்டு வாரேன்னு சொல்லுச்சு" என்றாய்.

நடுப்பகலில் உன்னை வீட்டில் இருக்கவிடாமல் நான் விரட்டியது அதனால்தான். 'ஊர்ல எல்லா அப்பனும் புள்ளைய வெயில்ல சுத்தாதன்னு திட்டுவாக, எங்கப்பன் வெயில்ல போய்ச் சுத்துன்னு திட்டுவாரு' என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாயே. நானும் அந்த நேரத்தில் உள்ளே இருந்ததில்லை. பார்த்துவிட்டால் அவள் வராமல் போய்விடுவாள் என்று பயம். வருகிறாளே என்றும் பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவில், பிறகு தினமும் உச்சிக்கு வயலில் இருந்து வந்து புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். சத்தம் நின்ற பிறகு மெதுவாக உள்ளே போய், அந்த நாலு விரற்கடையில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். சூடாக இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சூட்டுக்காகத்தான் நான் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் நூல்கடை ராவுத்தர். துண்டு வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அவள் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. ஒருநாள் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் நிறுத்தினார். "ஏப்பா, இதுல ரெண்டு கை இருக்கே. இது உன் சம்சாரம் கையில்ல?" என்றார். "பழசுங்கய்யா, அவ இருந்தப்ப நெய்ஞ்சது" என்றேன். "நூலு எங்க கடை நூலு. போன மாசம் நாந்தான உனக்குக் குடுத்தேன்?" என்றார். அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துத் திருப்பி என் மடியிலேயே வைத்தார். "மவுத்தானவுக வேலையை நான் வாங்குனா அது எனக்கு ஹராம்ப்பா, ஆகாது. நாங்க மையத்துக்கு, செத்த ஒடம்புக்கு, தைக்காத துணிதான் போடுவோம். இங்கத்த வேலை இங்கனயே நிக்கணும். அந்தப் புள்ளய விட்ரு. அறுத்து விட்ரு" என்றார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்க கடைய விட்டா மதுரையில வேற கடையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வேறு கடை இருக்கத்தான் செய்தது. துண்டைத் தடவிப் பார்க்காமல் எண்ணிப் பார்த்து வாங்குகிற கடை. அவர் இறந்தபோது போகவும் இல்லை நான். நல்லது சொன்னவர் முகத்தில் விழிக்கக் கூசுகிற ஈனப்பிறவி ஆகிவிட்டேன்.

பதினேழு வருசம் இப்படிப் போயிற்று. எத்தனை பாவு பிணைத்தேன் என்று கணக்கில்லை. அவள் கை பட்ட நூல் எப்போதோ துணியாகிப் போய்விட்டது. ஆனால் தறி ஒருநாளும் காலியாகவில்லை; ஒன்றின் வாலில் இன்னொன்று. அவள் மேல் வைத்த ஆசையில்தான் பிணைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் நாலு விரற்கடை நாலு விரற்கடையாகச் சேர்ந்து மாதத்துக்கு ஒன்றரைத் துண்டு. அதையும் விற்றுத்தான் தின்றோம். உன் பள்ளிக்கூடச் சட்டையில் அதுவும் இருந்தது. எது வரைக்கும் ஆசை, எங்கிருந்து பேராசை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை அய்யா. முன்பு கேலியாகச் சொன்னதைத்தான் செய்திருக்கிறேன். செத்த பிறகும் அவளை வேலை வாங்கியிருக்கிறேன்.

இப்போது உலகச் சண்டை நடக்கிற காலம், நூல் கிடைப்பதில்லை என்று உனக்கே தெரியும். ரெண்டு மாசமாகத் தறியில் பாவு இல்லை. அந்த ஒரு சாண் நுனிகள் மட்டும் அச்சில் தொங்கிக்கொண்டிருந்தன. இனி அவளுக்கும் ஓய்வு என்று நினைத்தேன். மறுநாள் உச்சிப்பொழுதில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், சத்தம் கேட்கிறது. தட், பின்னாலேயே மெதுவாக இன்னொரு தட். ஊடை இல்லை, நெய்ய இடமும் இல்லை, அச்சு வெறும் மரத்தில் போய் மோதுகிற சத்தம். அன்றைக்கு அது நிற்க வெகுநேரம் ஆனது. அடுத்த நாள் இன்னும் நேரமானது. ஒரு வாரத்தில் அச்சின் மூங்கில் பல் ரெண்டு ஒடிந்து கிடந்தது. முடிக்க அந்த நாலு விரற்கடை கிடைக்காமல் அவள் தேடிக்கொண்டே இருந்தாள் என்று நினைக்கிறேன். நுனிகளைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை பார். வேப்பிலை கொண்டுவந்து செருகினேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. பஞ்சவர்ணம் நடுப்பகலில் அந்தத் தறியில் உட்காருவதாக நினைத்துப் பார்த்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று அந்தப் பிள்ளை சொல்வதாகவும், சும்மா இருக்கக் கூடாது என்று நீ கடிதம் போடுவதாகவும் நினைத்துப் பார்த்தேன். நான் பதினேழு வருசமாகக் கன்னத்தை வைத்துக் குளிர்காய்ந்தேனே, அந்தச் சூடு என்ன சூடு? காய்ச்சல் சூடுதானே. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை கருப்பையா. நான் போகச் சொன்ன அந்தக் காலையில் எப்படி உட்கார்ந்தாளோ அதே காய்ச்சலோடு பதினேழு வருசமாக உட்கார்ந்திருக்கிறாள். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள்.

நேற்று உச்சிப்பொழுதுக்கு முதல்முறையாக வெளியே போகாமல் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் கதிர் அறுக்கிற கருக்கரிவாள். ஒரு கலயத்தில் கஞ்சி வைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை, உருவம் கிருவம் எதுவும் இல்லை, பயப்படாதே. வலது பக்கத்து மிதி மட்டும் ஒரு விரல் அளவு தாழ்ந்தது, யாரோ காலைத் தூக்கி வைத்த மாதிரி. அச்சு அசையவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாளா, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளா, தெரியவில்லை. ஒரு பிடி நுனியைச் சேர்த்துப் பிடித்து அறுத்தேன். உள்ளங்கை பொசுங்கியது. அறுந்ததும் அந்தப் பிடி கையிலேயே குளிர்ந்தது. அடுத்த பிடி, அதற்கடுத்த பிடி. ஒவ்வொன்றும் அறுந்த மறுகணம் பச்சைத்தண்ணீரில் நனைத்த மாதிரி சில்லென்று ஆனது. விழுதில் இருந்தும் அச்சில் இருந்தும் எல்லாவற்றையும் உருவினேன். கோக்கத் தெரியாத கை, உருவ மட்டும் தெரிகிறது பார்.

வலது கரையோரம் கடைசி இழை வந்தபோது கை நின்றுவிட்டது. அரிவாளை மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் எடுத்துவிட்டேன். அந்த ஒரே இழை இப்போது அச்சில் நிற்கிறது. இதை எழுதிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் உச்சி தாண்டிவிட்டது, தட்டுச் சத்தம் இல்லை. ஒற்றை இழையை வைத்து என்ன நெய்வாள்? ஆனால் மிதி தாழ்ந்துதான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. எனக்கு அது போதும்போல இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் இந்த மனசு சொன்னதைக் கேட்டுத்தான் பதினேழு வருசம் போனது. இழையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சுடுகிறது.

அதனால் நீ வர வேண்டும். லீவு கொடுக்கவில்லை என்றால் சண்டை போட்டாவது வா. கல்யாணத்துக்கு முன்னால், அந்தப் பிள்ளை இந்த வாசலை மிதிப்பதற்கு முன்னால் நீ வந்து அந்த இழையை அறுக்க வேண்டும். பெற்ற பிள்ளை அறுத்தால் அவளுக்கு வலிக்காது என்று நினைக்கிறேன். பிறகு தறியைக் கழற்றிவிடலாம், கழற்றின மரத்தில் பஞ்சவர்ணத்துக்கு ஒரு கட்டில் செய்யலாம். உடம்புக்கு முடியாதபோது அந்தப் பிள்ளை அதில் படுத்துக்கொள்ளட்டும். எழுந்திரு என்று நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். முடிகிறது, முடியவில்லை என்று அது சொல்வதை மட்டும் நம்பு. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசு. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கிற யோக்கியதை இவ்வளவுதான்.

அறுக்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இரு. 'வா' என்கிற சொல் உன் வாயில் இருந்து வந்துவிடக் கூடாது. 'போம்மா' என்று சொல். நான் அதைத்தான் சொல்லப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. இன்றைக்கும், இத்தனையும் உனக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் எழுந்து கஞ்சிக் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, பழக்கத்தில் திரும்பி அவளை வா என்றுதான் கூப்பிட்டேன்.

அப்பா